கை நீளம் போதவில்லை

எங்கள் கடையில் ஒரு டாக்டர் இருக்கிறார். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து, இன்ன பவர் என்று சீட்டு எழுதிக் கொடுப்பவர். வெள்ளைக் கோட்டு போடுவார். அதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் டாக்டர் என்கிறார்கள், அவரும் மறுத்துப் பேசியதில்லை. ஓசியில் வந்த பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

நான் அதே கடையின் பின்பக்கம் லென்ஸ் தேய்க்கிறவள். அவர் எழுதிய சீட்டைப் பார்த்து லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, ஃப்ரேமில் உட்கார வைப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பும், சீட்டு நீட்ட ஒரு சின்ன சன்னலும் இருக்கின்றன. அந்தச் சன்னல் வழியாக அவர் பேசுவதெல்லாம் என் காதில் விழும். கேட்காத மாதிரி இருக்க ஆரம்பத்தில் ரொம்பப் பாடுபட்டேன். பிறகு அந்த நல்ல குணத்தை விட்டுவிட்டேன்.

நாற்பது தாண்டி முதல் தடவை வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு உற்சாகம் பொங்கும். ஒருத்தராவது தனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. "இப்பல்லாம் பேப்பர்ல எழுத்தைச் சின்னதாக்கிட்டாங்க டாக்டர்" என்பார் ஒருவர். "எங்க வீட்டு லைட்டு சரியில்ல" என்பார் இன்னொருவர். டாக்டர் ஒரு சிறிய அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அட்டை மெல்ல மெல்ல முகத்தை விட்டு விலகிப் போகும். முழங்கை நீண்டு, தோள் நீண்டு, கடைசியில் கழுத்தும் பின்னால் சாயும்.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு சார்" என்பார் டாக்டர். "கைதான் குட்டையாயிடுச்சு."

இந்த ஒரே நகைச்சுவையைப் பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன். என் முறை வந்தபோது எனக்கும் அதையே சொன்னார். நூல் கோக்க முடியாமல் ஊசி செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்த சமயம் அது. சொன்னவுடன் கண்ணாடி போட்டுக்கொண்டேன். வயசாவதை நான் ஒளிப்பதில்லை. குனிந்து ஒன்றை எடுத்தால், கீழே வேறு ஏதும் வேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்கிறேன். ஒரு நிமிர்வை வீணாக்கக் கூடாது. என் மகனைக் கூப்பிட வேண்டுமானால் தம்பி பெயர், அக்கா மகன் பெயர், பூனையின் பெயர் எல்லாம் வந்த பிறகுதான் அவன் பெயர் வருகிறது. பூனைக்கு அடுத்தபடியாகவாவது ஞாபகம் இருக்கிறதே என்று அவன் திரும்பிப் பார்க்கிறான்.

ஆனால் டாக்டர் அப்படி இல்லை. அறுபத்தொரு வயது. ஊருக்கெல்லாம் வயசைச் சொல்லிக் கொடுத்தவர், தன்னுடையதை மட்டும் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். முடிக்கு மை பூசுவார், நெற்றியிலும் கொஞ்சம் பூசியிருக்கும். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றதாம். இவர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதி மூன்று நிறுத்தம் நடந்தே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தவர், "நடக்கறது உடம்புக்கு நல்லது" என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

கண்ணாடி மட்டும் போடவே மாட்டார். "முப்பத்தஞ்சு வருஷமா இந்த எழுத்துப் பலகையைப் பாக்கறேன், கடைசி வரி வரைக்கும் தெரியுது" என்பார். தெரியாமல் என்ன செய்யும்? பலகையில் இருக்கும் எழுத்தெல்லாம் அவருக்கு மனப்பாடம். கையில் கொடுக்கும் அட்டையும் அப்படித்தான். அதில் கழுதைக்குத் தொப்பி வாங்கப் போன ஒருவனைப் பற்றிப் பொடி எழுத்தில் நாலு வரி இருக்கும். சோதனை லென்ஸ் பெட்டியில் எது எங்கே என்று அவர் விரலுக்குத் தெரியும், அதனால் அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட யாரையும் விட மாட்டார். ஒரு காலத்தில் சீட்டில் ஆறு வரி எழுதியவர் இப்போது எழுத்தைப் பெரிதாக்கி, அதே சீட்டில் இரண்டு வரி எழுதுகிறார். சன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

அண்ணி வீட்டில் இருந்தவரை அவருக்குக் கண்ணாடி தேவைப்படவும் இல்லை. அண்ணி என்று நான் சொல்வது அவர் மனைவியை. காலையில் பேப்பரை அண்ணி படிப்பார், இவர் கேட்டு அபிப்பிராயம் சொல்வார். மாத்திரை அட்டை, கரண்டு ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அண்ணியின் கண்தான். இரண்டு பேருக்கு ஒரு ஜோடிக் கண் போதும் என்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு கடல் தாண்டி இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. எட்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று அண்ணி புறப்பட்டுப் போனார்.

போன மறுவாரமே டாக்டர் ஒருநாள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஷேவ் பண்ணும் கிரீமில் பல் தேய்த்துவிட்டாராம். "ரெண்டு ட்யூப்பையும் ஒரே மாதிரி பண்றாங்க" என்று கம்பெனிக்காரன் மேல் பாய்ந்தார். "நுரை எப்படி வந்துச்சுண்ணே?" என்று கேட்டேன். "நுரை நல்லாத்தான் வந்துச்சு" என்றார்.

ஞாயிறு தோறும் வீடியோவில் பேசிக்கொள்வார்கள். பேச்சு என்று சொல்லக் கூடாது. குழந்தை போனைப் பிடுங்கும், இவருக்குக் கூரையும் ஒரு மூக்கும் தெரியும், "நான் நல்லா இருக்கேன், நீ கவலைப்படாதே" என்று இவர் கத்துவார், முடிந்தது. மகள் எத்தனையோ தடவை டிக்கெட் போட்டுத் தருகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டாள். கடையை யார் பார்ப்பது என்று தட்டிக் கழித்தார். கடையை நாங்கள் பார்த்துக்கொள்வோம். விமான நிலையத்தில் டிக்கெட்டையும் படிவங்களையும் யார் படிப்பது என்பதுதான் அவர் பயம்.

அண்ணி வாயால் சொல்ல முடியாததை எழுதுகிற ஜாதி. வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது போனில் எழுதி அனுப்புவார். டாக்டர் போனைக் கை நீள எடுப்பார், ட்யூப் லைட் பக்கம் சாய்ப்பார், "ம்... ம்..." என்று தலையாட்டுவார். பிறகு போனே மூன்று பதில்களையும் நாலு படங்களையும் எழுதி நீட்டுகிறது அல்லவா, அதில் ஒன்றை அழுத்திவிட்டுச் சட்டைப்பையில் போடுவார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு செய்தி வந்தது. கொஞ்சம் நீளம் போல. கையை இரண்டு தடவை நீட்டிப் பார்த்தார்.

"அண்ணி என்ன எழுதியிருக்காங்க?" என்றேன் சன்னல் வழியாக.

"வழக்கம் போலத்தான். நலம், நலமறிய ஆவல்" என்று சொல்லி விரலை அழுத்தினார்.

அண்ணி வர வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கடைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அவர் போட்டிருந்த வட்டம் பக்கத்துத் தேதிகளையும் விழுங்கியிருந்தது. நாலு நாள் லீவு சொல்லிவிட்டார். வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம், "வெள்ளிக்கிழமை வராதீங்க, நான் இருக்க மாட்டேன்" என்று கேட்காமலே சொன்னார். சமையலறைக்கு வெள்ளையடித்தார். புதுத் தலையணை வாங்கினார். தலைக்கு மை பூசும்போது நெற்றியில் படாமல் இருக்க என்ன செய்வது என்று என்னிடம் முதல் தடவையாக வெட்கத்தை விட்டுக் கேட்டார். முடியின் ஓரமாக நெற்றியில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கடையைத் திறந்தபோது அவர் வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றார். நெற்றி சுத்தமாக இருந்தது, முடி கருகருவென்று இருந்தது. முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"என்னண்ணே, இன்னைக்கு லீவு இல்ல?"

"அவ வரலையாம்."

"ஏன், என்ன ஆச்சு?"

"நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு ஃப்ளைட்டுன்னு கேக்கப் போன் பண்ணேன். பொண்ணுதான் எடுத்தா. 'டிக்கெட்டை அப்பவே மாத்திட்டோமே, நீங்கதானே நல்லதுன்னு எழுதினீங்க'ங்கறா. நான் எப்பம்மா எழுதினேன்?" போனை என் பக்கம் நீட்டினார். "இதுல என்ன எழுதியிருக்கு, பாரு. இங்க வெளிச்சம் சரியில்ல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காலை ஒன்பது மணி, கிழக்குப் பார்த்த கடை, மேலே மூன்று ட்யூப் லைட். வெளிச்சம் சரியில்லையாம்.

"அண்ணி உங்களுக்கு எழுதினதை நான் படிக்க மாட்டேன். நீங்க முதல்ல அந்த நாற்காலியில உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கண்ணே."

எத்தனையோ பேரை உட்கார வைத்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். மேஜை மேலிருந்த அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். "படிங்க."

சிரித்தார். அட்டையை ஒரு தடவை பார்த்தார். தடங்கலே இல்லாமல் கணீரென்று ஆரம்பித்தார். "ஒரு ஊரில் ஒருவன் தன் கழுதைக்குத் தொப்பி வாங்கச் சந்தைக்குப் போனான். கடைக்காரன் கழுதையின் தலை அளவைக் கேட்டான்..." நாலு வரியையும் முடித்து, "போதுமா?" என்றார்.

"அண்ணே, பழைய அட்டை கிழிஞ்சு போச்சுன்னு நேத்து புதுசு வந்துச்சு. நீங்க சீக்கிரம் கிளம்பிட்டீங்க. இதுல கழுதையும் இல்ல, தொப்பியும் இல்ல. தேனீயைப் பத்தி எழுதியிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அட்டையை மெல்லத் தூரமாகக் கொண்டுபோனார். முழங்கை நீண்டது. தோள் நீண்டது. தேனீ தெரியவில்லை. ஊரார் அத்தனை பேரிடமும் சொன்ன அந்த ஒரு வரியை நான் இப்போது அவரிடம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல மனசு வரவில்லை.

சோதனை ஃப்ரேமை அவர் மூக்கில் மாட்டினேன். இரும்பு வளையமும் திருகாணியுமாக இருக்கும் அதைப் போட்டால் யாராக இருந்தாலும் ஆந்தை மாதிரிதான் இருப்பார்கள். பெட்டியிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுத்துச் செருகினேன். ஒன்றரை, இரண்டு, இரண்டரை. இரண்டரையில் அவர் கை தானாக மடங்கி அட்டை மார்புக்கு அருகே வந்தது.

"தேனீ..." என்றார். அதற்கு மேல் படிக்கவில்லை. அட்டையை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

நான் பின்பக்கம் போய்விட்டேன். மெஷினைப் போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டார். அந்த ஆந்தைக் கண்ணாடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். போனை எனக்குக் காட்டிப் பிடித்தார். இப்போது படிக்கலாம் என்று பட்டது, படித்தேன்.

'பாப்பா பால் குடிக்கிறதை விட்டுட்டு பள்ளிக்கூடம் போற வரைக்கும் இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்க முடியுமான்னு கேக்கறா. அவ வேலைக்குத் திரும்பணுமாம். எனக்கு உங்களை விட்டுட்டு இருக்க முடியல. ஆனா நீங்கதான் எல்லாத்தையும் நல்லா சமாளிக்கிறீங்களே. உங்களுக்கு முடியலைன்னா வான்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. நான் வந்துடறேன்.'

அதன் கீழே இவர் பதில். 'ரொம்ப நல்லது.' பக்கத்தில் உயர்ந்த கட்டை விரல்.

"மேல இன்னும் இருக்கு" என்றார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எட்டு மாதமாக வந்தவை.

'நேத்து குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன். பெருசா ஒண்ணுமில்ல, கண்ணாடிதான் உடைஞ்சுது. மாப்பிள்ளை வேற வாங்கித் தரேன்னார், வேண்டாம்னுட்டேன். நீங்க பாத்துப் போட்டாத்தான் எனக்குச் சரியா வரும். எழுத்தைப் பெருசாக்கி வச்சுக்கிட்டுத்தான் இதை எழுதறேன்.' அதற்கு இவர் கைதட்டும் படம் அனுப்பியிருந்தார்.

'இங்க நாலு மணிக்கே இருட்டிடுது. நீங்க கடையிலேர்ந்து வர்ற நேரத்துக்கு நான் போய் வாசல்ல நிக்கறேன். நீங்க வரப்போறதில்லன்னு தெரியும். கால் போகுது.' அதற்கு இவர் பதில், 'சூப்பர்.'

"விழுந்திருக்கா" என்றார் டாக்டர். "நான் கை தட்டியிருக்கேன்." அந்த இரும்பு வளையத்துக்குள் கையை விட்டுக் கண்ணைத் துடைக்க முடியவில்லை. கழற்றவும் மனசில்லை. அப்படியே இருந்தார்.

அதற்குள் கடையில் ஆள் சேர்ந்துவிட்டது. பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டர், கண்ணில் தூசி விழுந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்திக்கு ஃப்ரேம் பார்க்க வந்த ஒரு அம்மா நின்றார். யாரையும் பாராமல் டாக்டர் போன் போட்டார். நல்ல வேளை, அண்ணியே எடுத்தார். டாக்டர் எப்போதும் ஸ்பீக்கரில் வைத்துப் பேசுகிறவர் ஆனதால் எங்கள் எல்லாருக்குமே கேட்டது.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

"நான் எதையும் படிக்கல."

"எதை?"

"நீ எழுதினது எதையும். எட்டு மாசமா. எனக்கு எழுத்து தெரியல. பிளஸ் ரெண்டரை. இப்பத்தான் போட்டுப் பாத்தேன்."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வா" என்றார்.

"என்ன?"

"வான்னு சொன்னேன்."

"சரியா கேக்கலைங்க."

"வா! எனக்கு வயசாயிடுச்சு. முழங்கால் வலிக்குது. ஷேவிங் கிரீமில பல் தேய்க்கறேன். நீ இல்லாம எனக்கு முடியல. வா!"

கண்டக்டர் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அண்ணி விஷயத்தைச் சொன்னார். "அன்னைக்கு உங்க பதிலைப் பாத்ததும் பொண்ணுகிட்ட சரின்னுட்டேன். அதை நம்பி இவ திங்கக்கிழமை வேலைல சேந்துட்டா. பாப்பாவைப் பாத்துக்க வேற ஆள் இல்ல. இப்பப் போய் வான்னா எப்படிங்க வர்றது?"

"ம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"ம்" என்றார் மறுபடியும். போட்ட வட்டம் சுவரில் அப்படியே இருந்தது. அதற்குள் அன்றைய தேதியும் இருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு எத்தனை காலண்டர் தாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

"நீங்க முதல்ல வான்னு சொன்னதே எனக்குக் கேட்டுச்சு" என்றார் அண்ணி. "எட்டு மாசமா கேக்காததாச்சே. மூணு தடவையாவது கேட்டுக்கலாம்னுதான்."

டாக்டர் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் செய்தார். பிறகு, "கண்ணாடி இல்லாம எப்படி இருக்கே?" என்று கேட்டார்.

"தடவித் தடவித்தான்."

"உன் பவர் எனக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மனப்பாடம் என்றுதான் சொல்ல வந்திருப்பார். எதிரே மேஜையில் தேனீ அட்டை கிடந்தது. "அது பழசு. இப்ப மாறியிருக்கும். பாத்துத்தான் போடணும்."

"யாரு பாக்கறது?"

"நான்தான். பத்து நாள் லீவு கேக்கறேன். பொண்ணுகிட்ட டிக்கெட் போடச் சொல்லு."

"கடையை யாரு பாத்துப்பா?" என்றார் அண்ணி. குரலில் குறும்பு இருந்தது. அதற்குக் கீழே அழுகையும் இருந்தது.

"இங்க ஒருத்தி எல்லாத்தையும் ஒட்டுக் கேட்டுக்கிட்டுதானே நிக்கறா. அவ பாத்துப்பா."

பத்து நாள் என்பது ஒன்றரை வருஷத்தில் எந்த மூலைக்கு? அவருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு கண்டக்டரை உட்கார வைத்துத் தூசியை எடுத்தார். அந்த அம்மாவின் பேத்திக்குக் கண் பார்த்தார். மூக்கில் அந்த இரும்பு ஃப்ரேம் இருந்தபடியே இருந்தது. யார் கேட்டாலும், "எனக்குக் கை குட்டையாயிடுச்சு" என்றார்.

கடை சாத்துகிற நேரத்தில் சன்னல் வழியாக இரண்டு சீட்டு வந்தன. முதல் சீட்டு அவருக்கு. எழுத்து அத்தனை பொடியாக இருந்தது, நானே கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் படித்தேன். இரண்டாவது அண்ணிக்கு. ஃப்ரேமின் எண், மூக்குத் தண்டின் அகலம், காதுக் கம்பியின் நீளம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். பவர் என்ற இடத்தில் எண் இல்லை. 'நேரில் பார்த்து' என்று எழுதியிருந்தார்.